கிப்சனுக்கும் கிவ்சனுக்கும் ஓர் எழுத்து

1

பெங்களூருவில் கிட்டார் வாசிக்கிறவர், வாசிக்க நினைக்கிறவர், வாசிப்பதைப் பற்றிப் பேச மட்டும் செய்கிறவர் என்று யாரோடு அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் 'டோன்' என்ற சொல் பத்து முறையாவது காதில் விழும். பேச்சு ப்ளூஸ் பக்கம் திரும்பிவிட்டால் கேட்கவே வேண்டாம். ப்ளூஸுக்கு டோன்தான் உயிர். டோனுக்கு நல்ல மரம் வேண்டும். மரம் இருந்தால் போதாது, பழைய மரமாக இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் வால்வு எரிய வேண்டும். கிட்டாரின் தலையில் ஃபெண்டர் என்றோ கிப்சன் என்றோ எழுதியிருக்க வேண்டும். இதெல்லாம் இல்லாமல் ப்ளூஸ் வாசிப்பது மடி இல்லாமல் மடைப்பள்ளிக்குள் நுழைவது மாதிரி.

இந்தப் பேச்சு இப்போது ஓசூருக்கும் வந்துவிட்டது. நாற்பது கிலோமீட்டர்தான் தூரம், அத்திப்பள்ளி டோல்கேட்டில் இதை யாரும் நிறுத்திச் சோதிப்பதில்லை. சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு, நாலு பேர் தங்கும் வாடகை அறையில் உட்கார்ந்து கிட்டார் பழகுகிற பையன்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். சர்ச்சில் கற்றுக்கொண்டவர்கள், யூடியூபில் கற்றுக்கொண்டவர்கள், இளையராஜா பாட்டின் கிட்டார் துணுக்குகளில் ஆரம்பித்து எங்கெங்கோ போய்ச் சேர்ந்தவர்கள். அவர்கள் கையில் இருப்பது நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய்க் கிட்டார். அவர்களுக்கும் இப்போது டோன் வியாதி பிடித்திருக்கிறது. வாசிப்பதை நிறுத்திவிட்டு, அடுத்த கிட்டாருக்கு இ.எம்.ஐ. எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

இந்தக் கட்டுரை அந்தப் பேச்சுக்கு எதிரானது. 'மலிவான கிட்டாரிலும் ப்ளூஸ் வாசிக்கலாம், கவலைப்படாதே தம்பி' என்று தலையைத் தடவிக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. நான் சொல்ல வருவது அதைவிடக் கடுமையானது. மின்சார ப்ளூஸின் பெரும்பகுதி மலிவுக் கிட்டார்களில்தான் பிறந்தது. அதை மறைத்துவிட்டு விலையுயர்ந்த கிட்டாரை ப்ளூஸின் நுழைவுச்சீட்டாக்குகிறவர்கள் ஒரு வரலாற்றைத் திருடி, அதைத் திருட்டுக் கொடுத்தவர்களுக்கே தவணை முறையில் விற்கிறார்கள்.

2

வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்கத் தெற்கில் ஒரு கறுப்பினக் குத்தகை விவசாயி கிட்டார் வாங்க வேண்டுமென்றால் அவருக்கு எளிதான வழி தபால். சியர்ஸ், மான்ட்கோமரி வார்ட் போன்ற நிறுவனங்கள் தடித்த விலைப்பட்டியல் புத்தகங்களை வீடு வீடாக அனுப்பின. விதை, சட்டை, துப்பாக்கி, தையல் இயந்திரம், நடுவே கிட்டார். உள்ளூர்க் கடையில் வெள்ளைக்காரர் எல்லாரும் வாங்கி முடித்த பிறகுதான் கறுப்பருக்குப் பொருள் எடுத்துப் போடுவார்கள்; கடனை யார் பேரில் எழுதுவது என்பதையும் பண்ணைக்காரரே முடிவு செய்வார். தபாலில் நிறம் தெரியாது. நம் ஊரில் டீக்கடைக் குவளை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்படித் தபாலில் போன கிட்டார்களைச் செய்தவர்கள் யார்? சிகாகோவின் ஹார்மனி, கே, வால்கோ. நியூ ஜெர்சியின் டேன்எலெக்ட்ரோ. சியர்ஸ் அவற்றுக்கு 'சில்வர்டோன்' என்று தன் பெயரை ஒட்டி விற்றது. மான்ட்கோமரி வார்ட் ஒட்டிய பெயர் 'ஏர்லைன்'. டேன்எலெக்ட்ரோவை நடத்திய நேதன் டேனியல் சிக்கனத்தில் மன்னர். கிட்டாரின் உடம்புக்கு மரச்சட்டம் அடித்து அதன் மேல் மேசனைட் பலகையை ஒட்டினார். மேசனைட் என்றால் மரநாரை அழுத்திச் செய்த அட்டைப்பலகை. நம் வீட்டில் பீரோவின் முதுகுக்கு அடிப்பது மாதிரியான சரக்கு. ஒலிவாங்கும் பிக்கப்பை உதட்டுச்சாயக் குழாய்க்குள் வைத்தார். உவமைக்குச் சொல்லவில்லை, நிஜமான லிப்ஸ்டிக் குழாய். 1960களின் தொடக்கத்தில் அவர் சியர்ஸுக்காகச் செய்த ஒரு மாடலில் கிட்டார் வைக்கும் பெட்டிக்குள்ளேயே சிறிய ஆம்ப்ளிஃபயரும் இருந்தது. பெட்டியைத் திற, சொருகு, வாசி.

மடி வாட்டர்ஸ் 1943இல் மிசிசிப்பியை விட்டு சிகாகோ வந்தார். காகிதத் தொழிற்சாலையில் வேலை, லாரியில் வேலை, இரவில் மதுக்கடையில் பாட்டு. அந்தச் சத்தத்தில் சாதாரணக் கிட்டார் கேட்காது என்பதால்தான் மின்சாரக் கிட்டாருக்கு மாறினார். ஆலை வேலைக்கு வந்தவர்கள் நிறைந்த இரைச்சலான அறையில் தன் குரல் கேட்க வேண்டும் என்ற எளிய தேவையிலிருந்து வந்த ஒலி அது. பாகலூர் ரோட்டில் சனிக்கிழமை இரவு ஏதாவது மதுக்கடை வாசலில் நின்று பாருங்கள், அந்தத் தேவை புரியும்.

ஜிம்மி ரீட் 1950களில் வாசித்தது கே நிறுவனத்தின் கிட்டார். எல்மோர் ஜேம்ஸ் மிசிசிப்பியில் ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவர். சாதாரணக் கிட்டாரில் பிக்கப்பைப் பொருத்தி, ஒயரையும் ஒலிபெருக்கியையும் நோண்டி நோண்டித்தான் அந்தக் கிழிபடும் ஸ்லைடு ஒலியைப் பிடித்தார். ஜே.பி. ஹட்டோவின் கையில் இருந்த சிவப்பு ஏர்லைனின் உடம்பு மரப்பலகை அல்ல, ஃபைபர்கிளாஸ்.

எல்லாருக்கும் மேலே ஹவுண்ட் டாக் டெய்லர். 1915இல் பிறந்தவர், மிசிசிப்பிக்காரர், 1942இல் சிகாகோ வந்தவர். இடக்கையில் ஆறு விரல். ஜப்பானிலிருந்து மலிவாக வந்து இறங்கிய கிட்டார் ஒன்றை வைத்திருந்தார். சில்வர்டோன் ஆம்ப்ளிஃபயர், அதிலும் ஸ்பீக்கர் கிழிந்தது. குழுவில் பேஸ் கிட்டார் கிடையாது. ப்ரூவர் ஃபிலிப்ஸ் இரண்டாவது கிட்டாரிலேயே பேஸையும் சமாளிப்பார், டெட் ஹார்வி டிரம்ஸ். அவ்வளவுதான் குழு. சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஃப்ளாரன்ஸஸ் என்ற மதுக்கடையில் ஞாயிறு மதியங்களில் வாசிப்பார்கள். அதைக் கேட்ட புரூஸ் இக்லாவர் என்ற இளைஞர் தான் வேலை பார்த்த நிறுவனத்திடம் இவர்களைப் பதிவு செய்யச் சொன்னார். அவர்கள் தயங்கியதும் தனக்கு வந்த சொத்துப் பணம் 2,500 டாலரைப் போட்டுத் தானே பதிவு செய்தார். 1971இல் அந்த ஒரே ஆல்பத்துக்காகத் தொடங்கிய அலிகேட்டர் ரெகார்ட்ஸ் பின்னாளில் உலகின் முக்கியமான ப்ளூஸ் நிறுவனங்களில் ஒன்றானது. டெய்லர் 1975இல் இறந்தார். தான் செத்த பிறகு இவனுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் கேட்க நன்றாக இருந்தது என்று ஊர் சொல்லும் என அவரே தன்னைக் கிண்டல் செய்துகொள்வார்.

அந்த ஆல்பத்தை ஒருமுறை கேட்டுவிட்டு, 'டோன் வரல' என்று சொல்ல யாருக்காவது துணிச்சல் இருந்தால் சொல்லட்டும்.

3

இப்போது பொறியியல். நான் படித்தது அதுதான், பிழைப்பு அதன் பக்கத்தில்.

மின்சாரக் கிட்டாரின் நடுவில் இருப்பது ஒரு காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செப்புக் கம்பி. மேலே எஃகுத் தந்தி அதிர்கிறது, காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடே 1831இல் கண்டுபிடித்தது, நமக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் ஐந்து மதிப்பெண் கேள்வி. அந்தச் சிறு மின்னழுத்தம் ஒயர் வழியாகப் போய், ஆம்ப்ளிஃபயரில் பெருகி, ஸ்பீக்கரில் ஒலியாகிறது. வீணையில், வயலினில், சாதாரணக் கிட்டாரில் மரம்தான் காற்றை அசைக்கிறது. அங்கே மரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். கெட்டிப் பலகையில் செய்த மின்சாரக் கிட்டாரில் கேட்பவர் காதுக்குப் போகிற ஒலியைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு பிக்கப்புக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் வாசிக்கிற கைக்கும். மரம் அந்த வரிசையில் வெகு பின்னால்தான் வருகிறது.

அடுத்து, செய்நேர்த்தி. 'அமெரிக்காவில் கைவினைஞர் இழைத்தது' என்று உருகுகிறவர்களுக்கு லியோ ஃபெண்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ரேடியோ ரிப்பேர்க்காரர். 1950இல் அவர் கொண்டுவந்த கிட்டாரில் செதுக்கிய வளைவுகள் இல்லை. தட்டையான பலகை, கழுத்தை ஒட்டாமல் நாலு திருகு போட்டு முடுக்கிய இணைப்பு. உடைந்தால் கழற்றி வேறு மாட்டலாம், ஒரே மாதிரி ஆயிரம் செய்யலாம். அன்றைய கிட்டார் உலகம் அதைத் துடுப்பு என்றும் மண்வாரி என்றும் கேலி செய்தது. இன்று கர்ப்பகிருகத்தில் வைக்கப்பட்டிருக்கும் அந்தக் கிட்டார் பிறந்தபோது அது ஓர் அசெம்பிளி லைன் யோசனை. ஓசூர்க்காரர்கள் யாரும் அதில் கேவலம் காண மாட்டார்கள்.

கிப்சன் கதை இன்னும் வேடிக்கை. 1958 முதல் 1960 வரை அவர்கள் செய்த சன்பர்ஸ்ட் லெஸ் பால் கிட்டார்தான் இன்றைக்கு ப்ளூஸ்-ராக் உலகின் கோஹினூர். ஒன்றின் விலை நம் பணத்தில் கோடியைத் தாண்டும். அன்றைக்கு அது விற்கவில்லை. விற்காததால் 1961இல் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். பிறகு இங்கிலாந்தில் எரிக் கிளாப்டன் போன்ற இளைஞர்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கி வாசித்த பிறகுதான் அந்த மரத்துக்கு தெய்வீகம் வந்தது. மரம் அப்படியே இருந்தது, அதை வாசித்த கை புகழ் பெற்றது, விலை ஏறியது.

இங்கே நம் ஊரின் இன்னொரு பொருளை நினைவுபடுத்த வேண்டும்: கடிகாரம். 1980களில் ஓசூரில் டைட்டன் தொழிற்சாலை வந்தபோது அது பந்தயம் கட்டியது குவார்ட்ஸ் மேல். நல்ல இயந்திரக் கடிகாரமே நாளைக்குச் சில நொடி பிசகும். சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்குச் சில நொடிதான் பிசகும். நேரம் காட்டுவதில் ஆயிரம் ரூபாய்க் கடிகாரம் பத்து லட்ச ரூபாய்க் கடிகாரத்தைத் தோற்கடித்தது அன்றோடு முடிந்த விஷயம். அதற்குப் பிறகும் பத்து லட்ச ரூபாய்க் கடிகாரம் விற்கிறது. ஆனால் அதை வாங்குகிறவர் நேரத்தை வாங்கவில்லை என்பது வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். கிட்டார்ச் சந்தையில் மட்டும் இந்த நேர்மை இன்னும் வரவில்லை. அந்தஸ்தை விற்கிறார்கள், பில்லில் 'ஒலி' என்று எழுதுகிறார்கள்.

இன்றைய மலிவுக் கிட்டார் அறுபதுகளின் மலிவுக் கிட்டாரும் கிடையாது. இந்தோனேசியாவிலும் சீனாவிலும் கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரங்கள் கழுத்தையும் பலகையையும் வெட்டுகின்றன. பிரேக் பாகத்தையோ கியர் பாகத்தையோ மைக்ரான் கணக்கில் கடைந்து, அளந்து, பாஸ் செய்துவிட்டு ரூமுக்கு வருகிற ஒரு பையனிடம், கிட்டார்க் கழுத்துக்கான துளையைச் சரியாக வெட்டுவது ஒரு தெய்வீக ரகசியம் என்று சொல்வது அவன் தொழிலை அவமதிப்பது. அதைவிடச் சிக்கலான வேலையை அவன் ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கில் முடிக்கிறான்.

4

எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. அவர்களுடைய வலுவான வாதத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

'மலிவுக் கிட்டார் நிஜமாகவே மோசம். சுருதி நிற்காது. தந்தி பலகையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் நிற்கும். பழகுகிறவன் விரல் கிழிந்து ஆறு மாதத்தில் விட்டுவிடுவான். அவனிடம் போய் ஹவுண்ட் டாக் டெய்லர் கதை சொல்வது ஏமாற்று வேலை.'

இதில் பாதி உண்மை. நம் சந்தையில் கிடைக்கும் கிட்டார்களில் பல அப்படித்தான் வருகின்றன. கொல்கத்தாவில் செய்யும் கிவ்சனை எடுத்துக்கொள்ளுங்கள். கிப்சனில் ஓர் எழுத்தை மாற்றினால் கிவ்சன். வெளிநாட்டுக் கிட்டாரை இறக்குமதி செய்வது குதிரைக் கொம்பாக இருந்த 1991க்கு முந்தைய காலத்திலிருந்து, இந்தியாவின் சர்ச்சுகளிலும் ஆர்கெஸ்ட்ராக்களிலும் கல்லூரி விழாக்களிலும் ஒலித்தது பெரும்பாலும் இந்த மாதிரி உள்நாட்டுக் கிட்டார்கள்தான். பெயரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஒரு தலைமுறை கிட்டார் கற்றுக்கொண்டது அந்த ஓர் எழுத்து வித்தியாசத்தில்தான். அவற்றில் பல கரடுமுரடாக இருக்கும் என்பதும் உண்மை.

ஆனால் கோளாறு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தந்தி உயரமாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்று: மேலே நட்டில் தந்திக்கு வெட்டிய பள்ளம் ஆழம் போதாது, கீழே பிரிட்ஜ் உயரம், நடுவே கழுத்து வளைந்திருக்கிறது, உள்ளே ஓடும் ட்ரஸ் ராடை யாரும் சரியாக முடுக்கவில்லை. சுருதி நிற்காததற்குப் பாதிக் காரணம் அதே நட்டுப் பள்ளத்தில் தந்தி சிக்குவது. சின்ன அரம், ஆலன் கீ, மணல்தாள், ஒரு ஃபீலர் கேஜ் போதும். கழுத்தின் வளைவு கால் மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தி இரண்டு மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இதை அளக்கத் தெரிந்தவர்கள் ஓசூரில் எத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்கள்! ஃபீலர் கேஜ் இந்த ஊரில் பாதி டூல் பாக்ஸில் கிடக்கிறது. பிக்கப் இரைகிறதா, ஒயரைப் பிரித்து எர்த்தைச் சரியாகப் பற்றவைத்தால் பாதி இரைச்சல் போய்விடும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் முப்பது ரூபாய்க்குக் கிடைக்கிற பாகங்கள்.

இதை ஏன் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை? அரம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தால் அடுத்த கிட்டார் விற்காது. கற்றுக்கொடுக்கிறவர்களுக்கும் தேர்வு, கிரேடு, சான்றிதழ் என்று பிழைப்பு ஓடுகிறது. கருவியைத் திறந்து பார்ப்பது பாடத்திட்டத்தில் இல்லை. 'இந்தக் கிட்டார் மோசம்' என்பதும் 'இந்தக் கிட்டாரை ரிப்பேர் செய்ய வேண்டும்' என்பதும் வேறு வேறு வாக்கியங்கள். முதல் வாக்கியத்துக்கு ஒன்றரை லட்சம் தேவைப்படும். இரண்டாவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

இன்னொன்றும் உண்டு. தந்தி உயரமாக இருக்கும் கிட்டார் ஸ்லைடு வாசிக்க வசதியானது. உலோகக் குழாயோ பாட்டில் கழுத்தோ தந்தி மேல் வழுக்கிப் போகும்போது ஃப்ரெட்டில் இடிக்காது. போலியோவால் கை முடங்கிய சிடெல் டேவிஸ் சாப்பாட்டு மேசைக் கத்தியால் ஸ்லைடு வாசித்தார். கருவியின் குறையும் உடம்பின் குறையும் சேர்ந்து ஒரு பாணியாவது ப்ளூஸில் விதிவிலக்கு கிடையாது. அதன் இலக்கணத்தின் ஒரு பகுதி அது.

5

இப்போது இன்னொரு கூட்டம் என் பக்கம் வந்து கைகுலுக்கப் பார்க்கும். அவர்களை இங்கேயே நிறுத்த வேண்டும்.

இவர்கள் வறுமையின் ரசிகர்கள். மலிவுக் கிட்டாரில் 'ஆன்மா' இருக்கிறது என்பார்கள். கிழிந்த ஸ்பீக்கரில் உண்மை இருக்கிறது, துருப்பிடித்த தந்தியில் துயரம் இருக்கிறது. இந்தப் பேச்சும் முதல் பேச்சைப் போலவே பொய், போதாக்குறைக்கு அதைவிட லாபகரமானது.

ரை கூடர் தன் கிட்டாரில் பழைய ஜப்பானிய மலிவுக் கிட்டாரின் பிக்கப்பைக் கழற்றி மாட்டினார். அருமையான காது அவருடையது; விஸ்வ மோகன் பட்டுடன் சேர்ந்து 1993இல் அவர் வெளியிட்ட ஆல்பத்தைக் கேட்டவர்களுக்கு அது தெரியும். அவர் மாட்டினார் என்ற செய்தி பரவியதும் என்ன ஆயிற்று? குப்பையில் கிடந்த அந்தப் பிக்கப்புகளின் விலை ஏறியது, புதிதாக அதே மாதிரி செய்து விற்க நிறுவனங்கள் வந்தன. ஹட்டோ வாசித்த ஃபைபர்கிளாஸ் கிட்டாரை ஜாக் வைட் கையில் எடுத்தார். அதன் விலையும் ஏறியது, அதற்கும் மறுபதிப்பு வந்தது. 'மலிவின் ஆன்மா' இப்போது மலிவாகக் கிடைப்பதில்லை.

வரலாற்றில் இருந்த ப்ளூஸ்காரர்களுக்கு இந்த மயக்கம் கிடையாது. கையில் காசு வந்ததும் நல்ல கிட்டார் வாங்கினார்கள். மடி வாட்டர்ஸ் ஃபெண்டர் டெலிகாஸ்டருக்குப் போனார். பி.பி. கிங்கின் 'லூசில்' கிப்சன். அவர்களுக்கு மலிவு என்பது கொள்கையாக இருந்ததில்லை, அன்றைய நிலைமையாக இருந்தது. என் தம்பிகளில் ஒருவனுக்கு போனஸ் வந்து அவன் ஃபெண்டர் வாங்கினால் நான் பிரியாணி வாங்கித் தருவேன். வாங்கும் வரைக்கும் அவன் வாசிக்காமல் இருக்க வேண்டும் என்று சொல்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. வாங்கவே கூடாது, வாங்கினால் அவன் 'அசல்' இல்லாமல் போய்விடுவான் என்று சொல்கிறவர்களோடும் அதே சண்டை. ஒருத்தர் அவனை வாசலிலேயே நிறுத்துகிறார், இன்னொருத்தர் உள்ளே விட்டு மியூசியக் கண்ணாடிக்குள் உட்கார வைக்கிறார்.

6

இதெல்லாம் அமெரிக்கா விஷயம், நமக்கு எதற்கு என்று கேட்கலாம். கருவியைக் காட்டி ஆளை வெளியே நிறுத்தும் கலையில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை.

ஹார்மோனியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்தது, இங்கேயே மலிவாகச் செய்யப்பட்டது, தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். இசை நாடகக் கொட்டகையில் ராஜபார்ட்டுக்குச் சுருதியும் அதுதான், துணையும் அதுதான். அதில் கமகம் வராது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தடை செய்தது. முப்பது ஆண்டுகள் போய் 1971இல்தான் தடை தளர்ந்தது. கமகம் வராது என்பது ஒலியியல்படி உண்மைதான். ஆனால் அந்த உண்மையின் பேரில் வானொலி நிலையத்துக்கு வெளியே நின்றவர்கள் யார் என்று பாருங்கள். நாடகக்காரர்கள், பஜனைக்காரர்கள், தெருப் பாடகர்கள். பாவலர் வரதராஜன் தன் தம்பிகளோடு ஊர் ஊராகக் கட்சி மேடைகளில் ஹார்மோனியத்தோடு பாடிக்கொண்டிருந்ததும் அந்தத் தடைக்காலத்தில்தான். அந்தத் தம்பிகளில் ஒருவர்தான் இளையராஜா.

மாண்டலின் ஸ்ரீனிவாஸ் சிறுவனாக மின்சார மாண்டலினோடு கர்நாடக மேடையில் ஏறியபோதும் அதே கேள்வி எழுந்தது: இந்த மேல்நாட்டுக் குட்டிக் கருவியில் ராகம் நிற்குமா? அவர் தந்திகளின் எண்ணிக்கையை மாற்றினார், மின்சாரத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டார், வாசித்துக் காட்டினார். பிறகு கேள்வி கேட்டவர்களே முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார்கள். சபைகள் அவரை ஏற்றுக்கொள்ள ஒரு மேதை தேவைப்பட்டது. மேதை இல்லாத சாதாரணத் திறமைக்காரன் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிடுவான். எனக்குக் கவலை அந்தச் சாதாரணத் திறமைக்காரன் மேல்தான்.

இந்த இதழைப் படிக்கிறவர்கள் இலக்கிய வாசகர்கள். உங்களுக்கு ஒரு கணக்கு. சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தன் கைக்காசைப் போட்டு நடத்தினார், புத்தகங்களை மூட்டையாகச் சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றார். தமிழ்ப் புதுக்கவிதை வழுவழு ஆர்ட் பேப்பரில் வரவில்லை. 'பேப்பர் சரியில்லை, கவிதையில் டோன் வரல' என்று அன்றைக்கு ஒருவர் சொல்லியிருந்தால் அவரை இன்றைக்கு என்ன சொல்வீர்கள்?

எனக்குத் தெரிந்த ஒரு பையன். ஊத்தங்கரைப் பக்கத்து ஊர். ஐ.டி.ஐ. முடித்து ஓசூரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த வேலை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய உள்ளூர்க் கிட்டார், நட்டை அவனே அரத்தால் சரிசெய்தது. ப்ளூஸின் பன்னிரண்டு பார் சுற்றை அவன் வாசித்தால் தரை தன்னால் தாளம் போடும். நைட் ஷிஃப்ட் இல்லாத ஒரு வியாழக்கிழமை பெங்களூருவில் ஒரு பப்பின் ஓப்பன் மைக்குக்குக் கிளம்பிப் போனான். நானும் கூடப் போயிருந்தேன். மேடை நடத்திய இளைஞர் கிட்டாரின் தலையில் எழுதியிருந்த பெயரைப் படித்தார், சிரித்தார், மரியாதையாகவே சொன்னார்: "ப்ரோ, இதுல டோன் வராது. வேற கிட்டார் இருந்தா எடுத்துட்டு வாங்க, நெக்ஸ்ட் வீக் பாக்கலாம்." பக்கத்தில் ஸ்டாண்டில் பப்பின் கிட்டார் சும்மா நின்றிருந்தது. அதைக் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் பையன் அதிகம் பேசவில்லை. "அண்ணா, அவரு கேக்கவே இல்லைல்ல" என்று ஒரே ஒருமுறை சொன்னான்.

அவன் சொன்னதுதான் என் மொத்த வாதமும். டோன் என்பது காதுக்கான சொல். அந்த மேடையில் அதைக் கண்ணால் படித்தார்கள்.

இந்தியாவில் ப்ளூஸ் இப்போது யாருடைய அறையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஷில்லாங்கின் சோல்மேட் போன்ற அருமையான குழுக்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாசிக்கின்றன, அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. 2011 முதல் மும்பையில் டிராக்டர் செய்யும் நிறுவனத்தின் பெயரில் ப்ளூஸ் விழா நடக்கிறது, பட்டி கை வந்து வாசித்திருக்கிறார். நல்ல விஷயம். ஆனால் மிசிசிப்பியில் 1940களில் பருத்தி அறுவடை இயந்திரமும் டிராக்டரும் வந்து குத்தகை விவசாயிகளைக் காட்டிலிருந்து வெளியேற்றியதும் சிகாகோ ப்ளூஸ் வளர ஒரு காரணம் என்பதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. நிலத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் இசை இங்கே டிக்கெட் வாங்கக்கூடியவர்களின் வார இறுதியாகிவிட்டது. நிலத்திலிருந்து இடம்பெயர்ந்து தர்மபுரியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஓசூருக்கு வந்தவர்கள் அந்த விழாவின் வாசலில் பார்க்கிங் டோக்கன் கிழிக்கிற இடத்தில்கூட இல்லை.

உடனே 'கானாதான் தமிழ் ப்ளூஸ்' என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். கானா கானாதான், அதற்குத் தன் வரலாறு இருக்கிறது, வேறு பெயர் தேவையில்லை. 2018இல் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு பறையையும் கானாவையும் மின்சாரக் கிட்டாரையும் ஒரே மேடையில் ஏற்றியபோது, எந்தக் கருவிக்கு எந்த மேடை என்ற பழைய பட்டியலைத்தான் கிழித்தார்கள். அந்த மேடைக்கு முன்னால் நின்ற யாரும் கிட்டார் எந்தக் கம்பெனி என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

7

1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளியே வந்தது. இன்றைக்கு அதன் வாரிசான எக்ஸ்.எல். வண்டியில் தமிழ்நாடு எதையெல்லாம் ஏற்றுகிறது! பால் கேன், தண்ணீர்க் குடம், வாழைத்தார், ஆடு, ஏணி, மூன்று பிள்ளைகள். அந்த வண்டி 'ரைடிங் ஃபீல்' தராது என்று சொல்கிற பைக் ரசிகர் நிச்சயம் இருப்பார். பால்காரருக்கு அவரோடு பேச நேரமில்லை.

எனக்கு மூன்று கோரிக்கைகள். ஓப்பன் மைக் நடத்துகிறவர்களுக்கு: வருகிறவரின் கிட்டாரில் எழுதியிருப்பதைப் படிக்காதீர்கள். நிஜமாகவே வேலை செய்யாத கிட்டாராக இருந்தால் உங்களுடையதைக் கொடுங்கள், அதற்குத்தானே ஸ்டாண்டில் வைத்திருக்கிறீர்கள். கிட்டார் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு: முதல் மாதத்தில் ஒரு வகுப்பை ஒதுக்கி அரமும் ஆலன் கீயும் சால்டரிங் அயர்னும் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். தன் கருவியைத் தானே திறந்து மூடத் தெரிந்தவனை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. மூன்றாவது கோரிக்கை இ.எம்.ஐ. கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்: அந்தக் கணக்கை ஆறு மாதம் ஒத்திப்போடுங்கள். இருக்கிற கிட்டாரைச் சரிசெய்யுங்கள். ஹவுண்ட் டாக் டெய்லரின் முதல் ஆல்பத்தைக் கேளுங்கள், மூன்று கார்டுதான், கூட வாசியுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் புதுக் கிட்டார் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள். அப்போது எதை வாங்குகிறீர்கள் என்று உங்கள் காதுக்குத் தெரிந்திருக்கும், கடைக்காரர் சொல்ல வேண்டியிருக்காது.

ஊத்தங்கரைப் பையன் இப்போது தன் கம்பெனியில் வேலை பார்க்கிற மூன்று பேரின் கிட்டார்களைச் சரிசெய்து கொடுத்திருக்கிறான். ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறதாம். காசு வாங்குவதில்லை, சிங்கிள் டீ மட்டும்.